புதுக் கணினியில் கருகல் நெடி: முதலில் மேசைக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகனுக்குச் சென்ற வாரம் கேமிங் கணினி வாங்கிக் கொடுத்தோம். பாகங்களைத் தேர்ந்தெடுத்ததும் கடையிலேயே பூட்டிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, அவன் அரை மணி நேரம் விளையாடினால் அறையில் ஏதோ தீய்கிற நெடி வருகிறது. பிளாஸ்டிக் கருகுவது போலவும் இருக்கிறது, மீன் கவிச்சி போலவும் இருக்கிறது. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதே இல்லை. நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகிறது. பெருக்குவதற்குக் குனிந்தால் மேசைக்கு அடியில் இன்னும் அதிகமாகத் தெரிகிறது. மகனுக்கு எந்த வாடையும் தெரியவில்லையாம். வெப்பநிலை காட்டும் புரோகிராமைத் திறந்து, "கிராபிக்ஸ் கார்டு 70 டிகிரி, பிராசசர் 78 டிகிரி, எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறான். கடைக்காரர், "புதுப் பொருள் அப்படித்தான் இருக்கும், பத்து நாளில் போய்விடும்" என்கிறார். கணினியின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் விறுவிறுவென்று இருக்கிறது. முன்பு இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் கணினியைச் செருகியிருக்கிறோம். இரவெல்லாம் டவுன்லோடு போட்டுவிட்டு அதே அறையில் தூங்குகிறான். நான் வீணாகப் பயப்படுகிறேனா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அந்த அறைக்குப் போய்ச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நெடி அடிக்கிற நேரமாக இருந்தால், கணினியை முறையாக நிறுத்துவதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். சேமிக்காத ஆட்டம் போனால் போகட்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருக்கும் சிறிய சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். என் சந்தேகமே அந்தப் பெட்டியின் மேல்தான். சுவர் சுவிட்சை அணைத்துச் சில நிமிடங்கள் ஆன பிறகு, சுவரிலிருந்தும் பிளக்கை உருவிவிடுங்கள். காரணம் தெரியும்வரை அந்தக் கணினி ஓடக் கூடாது. ஓடவிட்டுக்கொண்டே காரணம் தேடுவதும் கூடாது. இரவு டவுன்லோடு என்ற பேச்சுக்கே இப்போது இடமில்லை.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. புதுக் கணினிக்கு ஒரு வாசனை உண்டு. கம்பிச்சுருள்களின் மேல் பூசிய வார்னிஷ், சர்க்யூட் போர்டில் பற்றவைத்தபோது மிஞ்சிய ஃபிளக்ஸ் என்கிற பசை, சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைத்த சிலிகான் பட்டைகள், புது பிளாஸ்டிக் எல்லாம் முதன்முதலாகச் சூடாகும்போது அந்த வாசனையை வெளியே விடும். ஆனால் அது எப்படி வரும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் நாள் முதல் ஆட்டத்திலேயே அதிகமாக வரும். கேபினட்டின் பின்புறமும் மேற்புறமும் சூடான காற்றைத் தள்ளுகிற ஃபேன்களின் வழியாக வரும். பெயிண்டும் வார்னிஷும் கலந்தது போல இருக்கும், தொண்டையைக் கரிக்காது. பிறகு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகும். உங்கள் வீட்டில் நடப்பதோ ஒவ்வொன்றிலும் இதற்கு நேர்மாறு. முதல் இரண்டு நாள் இல்லை, மூன்றாம் நாள் தொடங்கியது, கூடுகிறது, கீழேயிருந்து வருகிறது, கவிச்சி அடிக்கிறது. புது வாசனை தேய்பிறையாகத்தான் போகும், வளர்பிறையாக வராது. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட சொல், "கூடிக்கொண்டு போகிறது" என்பதுதான்.

மகனுக்கு வாடை தெரியவில்லை என்பதைப் பொய் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது மெல்ல மெல்லக் கூடுகிற எந்த வாடைக்கும் மூக்கு சில நிமிடங்களிலேயே பழகிவிடும். வெளியிலிருந்து உள்ளே நுழைபவருக்குத்தான் அது பட்டென்று தெரியும். அதனால் இந்தச் சோதனை முழுவதிலும் மூக்கு உங்களுடையதாக இருக்கட்டும், கை அவருடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் வாசலில் நின்று வெளிக்காற்றை வாங்கிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

தம்பி காட்டுகிற 70, 78 டிகிரி எண்களையும் நான் நம்புகிறேன். கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசசருக்கும் அவை ஆரோக்கியமான எண்களே. இன்றைய பிராசசர்களில் பல, 95 அல்லது 100 டிகிரி வரை போனால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. ஆனால் அந்தப் புரோகிராம் எங்கிருந்து எண்களை எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். சிப்புகளுக்கு உள்ளேயும் மதர்போர்டில் சில இடங்களிலும் வைத்த உணரிகளிலிருந்துதான் எடுக்கிறது. கேபிளின் முனையில் உணரி இல்லை. பிளக்கில் இல்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை பெட்டியின் உள்வெப்பத்தையும் பெரும்பாலான கணினிகளில் திரையில் பார்க்க முடியாது. கணினியில் தீய்கிற நெடி என்று வருகிற புகார்களில் பெரும்பாலும் கருகியிருப்பது இந்த உணரி இல்லாத இடங்கள்தான். சிப்புகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவை. பிளக்குக்கு அது தெரியாது. எனவே "வெப்பநிலை சரி" என்ற பதில், சிப்புகள் நலம் என்று மட்டுமே சொல்கிறது.

இனி உங்கள் மூக்கு சொன்னதைப் பார்ப்போம். மீன் சமைக்காத வீட்டில் மீன் கவிச்சி அடித்தால், மின்வேலை செய்கிறவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது பிளக்கையும் சாக்கெட்டையும் சுவிட்சையும்தான். இவற்றைச் செய்யப் பயன்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு போன்ற கெட்டி பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடானால் அழுகிய மீன் போன்ற வாடையை விடும். அதோடு கம்பியின் பி.வி.சி. உறையும் சேர்ந்து தீய்ந்தால் நீங்கள் எழுதியிருக்கிற அதே கலவை வரும். மேசைக்கு அடியில் அதிகம் என்கிறீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி அங்கேதான் கிடக்கும் என்று நினைக்கிறேன். அது பல காலம் இஸ்திரிப் பெட்டிக்கு உழைத்தது என்றும் சொல்கிறீர்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கணினியைப் பிரிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய இடம் தெரிந்துவிடுகிறது.

ஒரு கேள்வி உங்களுக்கு எழலாம். இஸ்திரிப் பெட்டி 1000 வாட், கணினி அதில் பாதிதானே, இஸ்திரிக்குத் தாங்கிய பெட்டி கணினிக்குத் தாங்காதா? நியாயமான கேள்வி. இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் நாலேகால் ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். மகனின் கணினியும் மானிட்டரும் விளையாட்டின்போது சேர்ந்து 500 வாட்டுக்குப் பக்கத்தில் எடுத்தால், அது இரண்டேகால் ஆம்பியரை ஒட்டி வரும். ஆனால் இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானாக நின்று நின்று ஓடும். கால் மணி நேரத்தில் வேலை முடிந்து பிளக்கையும் உருவிவிடுவோம். விளையாட்டு அப்படியல்ல. மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரமும் மின்சாரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே சேருகிற சூட்டுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. அது மட்டுமல்ல, செருகிச் செருகி உருவிய வருடங்களில் அந்தப் பெட்டியின் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் விரிந்து இறுக்கம் இழந்திருக்கும்.

இறுக்கம் இழந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நல்ல சாக்கெட்டில் பிளக்கின் காலும் தகடும் தொடுகிற இடத்தில் மின்தடை ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. லூஸ் கான்டாக்ட் ஆகி, கறுப்புப் படலமும் படிந்து, அது ஒரு ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டேகால் ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது, மிளகு அளவு இடத்தில் 5 வாட் சூடு பிறக்கும். அறையை அது சூடாக்காது. ஆனால் வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அரை மணி நேரம் தேங்கினால், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத் தீய்த்துவிட அது போதும். சூடு ஏற ஏறத் தகடு இன்னும் தளரும், படலம் இன்னும் தடிக்கும், மின்தடை இன்னும் கூடும். வாடை நாளுக்கு நாள் அதிகமாவதும், அரை மணி நேரம் கழித்தே வருவதும் இந்தக் கதைக்குப் பொருந்துகின்றன.

"அப்படியென்றால் டிரிப் ஆகியிருக்க வேண்டாமா?" என்று பலர் கேட்பார்கள். ஆகாது. உங்கள் வீட்டு எம்.சி.பி. மின்சாரத்தின் அளவை மட்டுமே பார்க்கும். அளவு மீறினால்தான் விழும். இங்கே ஓடுவது இரண்டேகால் ஆம்பியர்தான், அதன் கணக்கில் ஒரு தவறும் இல்லை. பிளக் உருகுவதை அது அறியாது. ஃபியூசுக்கும் இதே நிலைதான். அதனால்தான் இந்த வகைக் கோளாறில் மூக்கை அலட்சியம் செய்யக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இப்போது பார்க்கும் முறை. சுவர் சுவிட்ச் அணைந்திருக்கிறது, சுவரிலிருந்தும் பிளக் உருவப்பட்டிருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு, கணினியின் பிளக்கை எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து உருவுங்கள். உருவும்போதே கவனியுங்கள். வழுக்கிக்கொண்டு எளிதாக வந்தால் தகடு தளர்ந்திருக்கிறது. விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தால் பிளாஸ்டிக் உருகிப் பிடித்திருக்கிறது. இரண்டுமே கெட்ட அடையாளம். பிறகு பிளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று கால்களில் தடித்து நீண்டிருப்பது எர்த். மற்ற இரண்டில் ஒன்று மட்டும் நிறம் மாறி, பளபளப்புப் போய், நீலமும் பழுப்பும் கலந்தோ கரி படிந்தோ இருக்கிறதா? அந்தக் கால் பிளக்கின் உடலில் புகும் இடத்தில் பிளாஸ்டிக் மஞ்சளாகியோ, குமிழிட்டோ, ஒரு பக்கம் சரிந்தோ இருக்கிறதா? சாக்கெட்டின் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கிறதா? கடைசியாக அந்த இடத்தை மோந்து பாருங்கள். கருகிய பிளாஸ்டிக் ஆறிப் பல மணி நேரம் ஆன பிறகும் வாடையை வைத்திருக்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவர்ப் பக்க பிளக், சுவர் சாக்கெட், கணினியின் பின்புறம் செருகுகிற கேபிளின் மறுமுனை ஆகிய மூன்றையும் இதேபோல் பாருங்கள். தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: விளையாடும்போது மேசைக்கு அடியிலிருந்து சிடுசிடுவென்று சத்தம் வந்ததா, கணினி தானாக அணைந்து திரும்ப வந்ததா? வந்திருந்தால், தளர்ந்த இடத்தில் பொறி பறந்திருக்கிறது.

கருகல் கண்ணில் பட்டால் எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கழித்துவிடுங்கள். துடைத்துத் திரும்பப் பயன்படுத்துவது வேண்டாம், வேறு துளையில் செருகுவதும் வேண்டாம். இதில் பலர் விட்டுவிடுகிற ஒன்று, கணினியின் பவர் கேபிள். பிளக்கின் கால் ஒருமுறை கருகிவிட்டால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். அதைப் புது சாக்கெட்டில் செருகினால், சில வாரங்களில் அந்தப் புது சாக்கெட்டும் அதே வழியில் போகும். கேபிளையும் சேர்த்து மாற்றுங்கள். கணினிக்கான அந்த மூன்று கால் கேபிளை ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு தனியாகவே வாங்கலாம், பெரிய செலவு இல்லை. நான் நிரந்தர வழியாகச் சொல்வது எக்ஸ்டென்ஷனே இல்லாத ஏற்பாடு. மேசைக்குப் பக்கத்துச் சுவரில் 6, 16 ஆம்பியர் பிளக் இரண்டையும் ஏற்கும் நல்ல சாக்கெட் ஒன்றை, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்திவிடுங்கள். கணினி அதில் நேராகப் போகட்டும். அந்தச் சாக்கெட்டை இஸ்திரிப் பெட்டியோ கெட்டிலோ பகிர்ந்துகொள்ளக் கூடாது.

எலெக்ட்ரீஷியன் வரும்போது இன்னொரு வேலை இருக்கிறது, அது இதைவிடச் சிறியதல்ல. உடம்பைத் தொட்டால் விறுவிறுவென்கிறது என்று எழுதினீர்களே, அதன் பொருள் கணினிக்கு எர்த் கிடைக்கவில்லை என்பது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்குச் சிறிய கெபாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். மின் இரைச்சலை வடிகட்டுவது அவற்றின் வேலை. எர்த் இருந்தால் அவற்றின் வழியாகக் கசிகிற மிகச் சிறிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் உடம்பு வீட்டு மின்னழுத்தத்தின் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் நின்றுவிடும், தொட்டால் விறுவிறுக்கும். அந்தக் கசிவு மட்டும் பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு கம்பி உறை கிழிந்து உடம்பைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும், அதை வாங்கிக்கொள்ள எர்த் இருக்காது. கணினியைத் தொடுகிறவர்தான் வாங்கிக்கொள்வார். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் எர்த் கம்பி மட்டும் அறுந்திருக்கிறதா, வீட்டுக்கே எர்த் செத்துவிட்டதா என்று அவர் சோதித்துச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் எர்த் குழியில் தண்ணீர் பார்த்தே பல வருடங்கள் ஆகியிருக்கும். ஒரு எச்சரிக்கை: "சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டால் விறுவிறுப்பு நின்றுவிடும்" என்று சிலர் குறுக்குவழி செய்வார்கள். விறுவிறுப்பு நிற்கும்தான். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், கணினியின் உடம்பு முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும். அப்படிச் செய்ய விடாதீர்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் இந்த வேலையோடு அதையும் போட்டுவிடுங்கள்.

பிளக்கும் சாக்கெட்டும் பளிச்சென்று இருந்தால், அடுத்து கேபினட். இனிமேல் சொல்வது தம்பிக்கு.

தம்பி, பவர் கேபிளை உருவிய பிறகு கணினியின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் படுக்கையில் வையுங்கள், டைல்ஸ் தரையில் வைக்காதீர்கள். அந்தக் கண்ணாடி டைல்ஸில் விளிம்பு பட்டால் சில்லுச் சில்லாக உடைந்துவிடும். முதலில் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். இப்போது வரும் என்விடியா கார்டுகளில் பலவற்றில் 16 பின் கொண்ட சிறிய இணைப்பான் இருக்கிறது. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்த சில வாரங்களிலேயே அந்த இணைப்பான் உருகிப்போன படங்கள் உலகம் முழுவதிலிருந்தும் வந்தன. கடைசிவரை அழுத்திச் செருகாமல் விட்டது முக்கியக் காரணமாகத் தெரிகிறது என்று அந்த நவம்பரில் என்விடியா சொன்னது. பிறகு, பாதி செருகிய நிலையில் மின்சாரம் பாயாதபடி செருகியதை உணரும் சிறிய பின்களின் நீளத்தைக் குறைத்து வடிவத்தைத் திருத்தினார்கள். இந்த இணைப்பானின் சிக்கல், அது தாங்கும் அளவுக்கும் அதில் ஓடும் அளவுக்கும் வித்தியாசம் குறைவு என்பதுதான். 600 வாட் முழுவதும் போனால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். அதை ஆறு பின்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் எட்டே கால் ஆம்பியருக்கு மேல் வரும். ஒரு பின்னால் தாங்க முடிவது ஒன்பதரை ஆம்பியர். ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கும் மற்றவற்றின் மேல் ஏறும். பழைய 8 பின் இணைப்பான் 150 வாட்டை மூன்று பின்களில் அனுப்பியது, பின்னுக்கு நாலு ஆம்பியர் சொச்சம்தான்.

உங்கள் கார்டு எத்தனை வாட் என்று பாருங்கள். 250 வாட் வகுப்பென்றால் உருகுவதற்கான வாய்ப்பு குறைவு, 450க்கும் 575க்கும் போகிற கார்டுகளில்தான் கவலை அதிகம். எதுவானாலும் பார்த்துவிடுவது நல்லது. இணைப்பானுக்கும் கார்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூடத் தெரியக் கூடாது. கேபிள் செருகிய இடத்திலேயே மடங்கிக் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக வந்த பிறகுதான் வளைய வேண்டும். கொக்கியை அழுத்தி, நேராக உருவி, டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பாருங்கள். பிளாஸ்டிக் வரிசையில் ஏதாவது ஒரு பின்னின் துளை மட்டும் உப்பியோ பழுப்பேறியோ இருந்தால், திரும்பச் செருக வேண்டாம். அப்படியே படம் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். சுத்தமாக இருந்தால் 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்திச் செருகி, லேசாக இழுத்துப் பாருங்கள்.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். பல கேபினட்டுகளில் அது அடியில் இருக்கும். எனவே மேசைக்கு அடியில் வாடை என்ற சாட்சி இதையும் குறிக்கலாம். அதன் ஃபேன் ஜாலியிலும் பின்புறத் துளைகளிலும் மோந்து பாருங்கள். உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ கெபாசிட்டரோ கெட்டால் தொண்டையைக் கரிக்கும் அமில நெடி அங்கேயே நிற்கும். நம் ஊரில் பல்லி உள்ளே புகுந்து கருகிவிடுவதும் உண்டு. அது எத்தனை புதுப் பெட்டி என்று பார்த்து நுழைவதில்லை. எதுவானாலும் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். அதன் பெரிய கெபாசிட்டரில் ஏறத்தாழ 380 வோல்ட் இருக்கும், கேபிளை உருவிய பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கலாம். மின் பழுது வேலை தெரிந்தவர்களே தயங்கித்தான் அதைத் திறப்பார்கள். பெட்டியை முழுதாக மாற்றித்தர வேண்டியது கடையின் பொறுப்பு. அதில் ஒட்டியிருக்கும் 80 பிளஸ் முத்திரையைப் பார்த்துப் பெட்டி பத்திரமானது என்று முடிவு செய்ய வேண்டாம். மின்சாரத்தை எவ்வளவு குறைவாக வீணாக்குகிறது என்பதற்கான முத்திரை அது, பாதுகாப்புக்கானதல்ல. கடையில் பூட்டியபோது வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த கேபிளை எடுத்து மாட்டியிருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். இணைப்பான் ஒன்றுபோலப் பொருந்தினாலும், கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அப்படி மாறினால் ஹார்டு டிஸ்க் முதல் மதர்போர்டு வரை எரியலாம்.

மற்றவை சின்ன விஷயங்கள். போக்குவரத்துக்காகக் கேபினட்டுக்குள் வைத்த ஸ்பாஞ்சு, கார்டின் மேல் ஒட்டிய பாதுகாப்பு பிளாஸ்டிக் தாள் ஆகியவை அகற்றப்பட்டிருக்கின்றனவா, ஏதாவது கம்பி ஃபேனில் உரசுகிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

எல்லாம் சரிசெய்த பிறகு முதல் ஓட்டம் பகலில் நடக்கட்டும். அம்மா, நீங்கள் வீட்டில் இருக்கும்போது நடக்கட்டும். புதுச் சாக்கெட், புதுக் கேபிள். முதலில் விளையாட்டு இல்லாமல் அரை மணி நேரம். வாடை இல்லையென்றால் விளையாட்டு ஒரு பதினைந்து நிமிடம். நிறுத்தி, சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி அதன் கால்களைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் சரியில்லை. வாடை எங்கிருந்து வருகிறது என்று புரியாவிட்டால், ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி மூக்கருகே பிடித்து ஒவ்வோர் இடமாக மோந்து பார்க்கலாம். நிறுத்திய சில நிமிடங்களுக்குள் செய்தால்தான் இடம் பிடிபடும். ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே, சாம்பிராணி எதையும் அந்த வாரம் அந்த அறைக்குள் கொண்டுவராதீர்கள். உங்கள் மூக்குதான் இங்கே கருவி, அதைக் குழப்ப வேண்டாம். புகை கண்ணில் தெரிந்தால் மெயின் சுவிட்சை அணைப்பதே முதல் வேலை. தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ பிடித்துவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து 101 அல்லது 112க்கு அழையுங்கள். கணினியைக் காப்பாற்றப் போக வேண்டாம்.

கடைக்காரரிடம் பேசும்போது நியாயமாகப் பேச ஒரு குறிப்பு. கருகியது உங்கள் பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டிதான் என்றால் கடை மேல் குற்றம் இல்லை. "பத்து நாளில் போய்விடும்" என்று பார்க்காமலே சொன்னது மட்டும் தவறு. கார்டின் இணைப்பானோ எஸ்.எம்.பி.எஸ்.ஸோ கருகியிருந்தால், பூட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள், பொறுப்பும் அவர்களுடையது. பில், பாகங்களின் சீரியல் எண்கள், கருகிய இடத்தின் படம், நீங்கள் முதலில் புகார் சொன்ன தேதி நான்கையும் ஒன்றாக வையுங்கள். தொலைபேசியில் சொன்னதை எழுத்திலும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள், குறுஞ்செய்தி போதும். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. கருகிய பாகத்தை எக்காரணம் கொண்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், உங்கள் பக்கத்துச் சாட்சி அதுதான்.

இரவு டவுன்லோடு பற்றித் தம்பி கட்டாயம் கேட்பார். புதுச் சாக்கெட்டில், எர்த் சரியான பிறகு, ஒரு வாரம் விளையாடியும் உங்கள் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் போட்டுக்கொள்ளட்டும். டவுன்லோடுக்குக் கணினி எடுப்பது விளையாட்டின்போது எடுப்பதில் ஒரு பகுதிதான். அதுவரை பகலில் மட்டும். எல்லாம் மாற்றிய பிறகும் நெடி வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். பிளக்கின் படத்தையும் 16 பின் இணைப்பானின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த இடத்தில் குனிந்தால் அதிகம் தெரிகிறது என்பதை இந்த முறை எழுதியது போலவே விவரமாக எழுதுங்கள்.